அறுவை மாடம்

முதலில் பலகையில் இருந்தது சுகந்தினி டெக்ஸ்.
சுகந்தினி என் மகள், அது இருக்கலாம் என்றார்கள்.
டெக்ஸை மட்டும் கழற்றச் சொன்னார்கள்.

மல்லாவியில் அந்த மாதம்
பேக்கரி எல்லாம் வெதுப்பகம் ஆகிக்கொண்டிருந்தது.
எனக்குச் சொல் கொண்டுவந்தவன் அமலதாஸ்,
கண்ணாடி போட்ட பெடியன்,
சைக்கிள் கரியரில் ரியூப் வாரால் கட்டிய அகராதி.
விரலில் எச்சில் தொட்டுப் புரட்டி,
"அறுவை" என்றான்.
"பழைய நூல்களிலை துணிக்கு அதுதான் பேர்.
தறியிலை இருந்து அறுத்து எடுக்கிறபடியால்.
மதுரையிலை அறுவைக்கெண்டே ஒரு வீதி இருந்திருக்கு, அண்ணை."

தம்பி, நான் விக்கிறது
சீத்தையும் சறமும் பள்ளிக்கூட வெள்ளையும்.

"எல்லாம் அறுவைதான்."

நீலத்தில் எழுதி மாட்டினோம்.
மூன்றாம் நாள் யோகபுரத்திலிருந்து
கண்ணில் வெள்ளை படர்ந்த ஒருவர் வந்து
வாங்கில் இருந்தார்.
நம்பர் துண்டு எப்ப தருவியள் என்றார்.
பதினொரு மணி வரைக்கும் இருந்தார்.
விசயம் விளங்கினதும் வெட்கப்பட்டு
ஒரு சறம் வாங்கிக்கொண்டு போனார்,
கட்டம் போட்டது,
என்ன நிறம் என்று என்னிடமே கேட்டு.

சொல்லை எனக்குப் பிடித்துப்போனது அதற்குப் பிறகுதான்.
கத்தரிக்கோலால் ஓர் அங்குலம் வாய் திறந்து
மிச்சத்தைக் கையால் இழுப்பேன்.
நல்ல பருத்தி நேராகக் கிழியும்,
கலப்படம் கோணும்.
அந்தச் சத்தத்துக்கு ஒரு பெயர் இருக்கிறதென்பது
எனக்கொரு சின்னப் பெருமை.

பிறகு உழவு இயந்திரத்தில் ஏற்றினேன்.
அக்கராயனில் பாதி இறங்கியது,
தருமபுரத்தில் கடனுக்குக் கொஞ்சம்.
புதுக்குடியிருப்பில் சேலையை விரித்து
கரை என்ன, முந்தானை என்ன என்று ஒருவரும் பார்க்கவில்லை.
எத்தனை மூட்டை வரும் என்றுதான் கேட்டார்கள்.
ஒரு கூறையில் பதினொன்று,
நைலக்ஸில் பன்னிரண்டு, ஆனால் வழுக்கும்.
மணல் அவ்வளவு வடிவாக உடுத்திருந்ததை
அதற்கு முன் நான் கண்டதில்லை.
அரக்குப் பட்டு, கிளிப்பச்சை, மயில்கழுத்து
பங்கருக்கு மேலே
அடுக்கடுக்காக, சரிகை வெயிலில் மின்ன.

மாத்தளனில் மிஞ்சியது இருபது வேட்டி.
பள்ளிக்கூடம் ஆசுப்பத்திரியாக இருந்தது.
நோபேட் என்ற தாதி வெளியே வந்து
கையைக் காட்டினான்: மூன்று விரல் அகலம்.
வாசலில் குந்தியிருந்து கிழித்தேன்.
உள்ளே போன வரிசையில்
என் பிள்ளையும் இருந்தாள்.

அப்போது அந்தச் சொல் நினைவுக்கு வந்தது,
அதன் இரண்டு அர்த்தமும்
ஒரு கதவின் இரண்டு பக்கம் நின்றன
என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
வரவில்லை.
மூன்று விரல் அகலம்.
மூன்று விரல் அகலம்.
பதினேழாவது வேட்டியில் கலப்படம் இருந்தது,
கோணியது.
அதை விற்றவனைத் திட்டினேன்,
அது ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வந்தபோது வளவுக்குள் பலகை கிடந்தது.
முன்னெழுத்தைக் கறையான் தின்றிருந்தது.
பிரதேச சபையில் பதிவுக்குப் போனேன்.
படிவத்தைப் பார்த்த பிள்ளை சிரித்தாள்:
"அறுவையோ? கடையிலை ஆக்களை அறுக்கிறனீங்களோ?"
அவளுக்கு அந்தச் சொல்லின் மூன்றாவது அர்த்தம்தான் தெரியும்,
அலுப்படிக்கிற கதை.
நானும் சிரித்தேன்.
சுகந்தினி டெக்ஸ் என்று போடச் சொன்னேன்.

பழைய பலகை கோழிக்கூட்டுக்கு மூடி.
முட்டை எடுக்க வருகிற பக்கத்து வீட்டுப் பொடியன்
எழுத்துக்கூட்டி வாசித்து,
றுவை எண்டால் என்ன அக்கா என்கிறான்.
சுகந்தினி வலது காலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு
தைத்துக்கொண்டிருக்கிறாள்.
மெசின் ஒரு காலுக்கும் ஓடும்.
"துணி" என்கிறாள், நிமிராமல்.

பிறகு என்னிடம்:
"ரெண்டு விரல் கூட விட்டு அறுங்கோ அப்பா,
தோய்ச்சால் சுருங்கும்."